ரகசியத்தின் வரம்பை முதலிலேயே சொல்வதா, நம்பிக்கை வந்தபின் சொல்வதா?

குடும்பநலப் பணியாளர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். குடும்ப வன்முறை, குழந்தைப் பராமரிப்பு தொடர்பான கேஸ்களைக் கையாளும் ஒரு பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் குழுவில் நெடுநாளாகத் தீராமல் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உதவி நாடி வருபவர்களில் பலர், பேச்சைத் தொடங்கும் முன்பே, “நான் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்” என்கிறார்கள். அப்படி முழுமையான வாக்கு எதையும் எங்களால் தர முடியாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், ஒருவர் தம் உயிரையோ பிறர் உயிரையோ போக்கிவிடும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால், நாங்கள் கேட்டதை வெளியே சொல்லியாக வேண்டியிருக்கும். இதை எப்போது சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் இரண்டு கருத்துகள் உள்ளன.

அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதுவே நெறி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் விதிகளை ஒப்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார், ஆபத்தில் இருப்பவர் உதவியே இல்லாமல் அதே ஆபத்துக்குத் திரும்பிப் போவார், ஆகவே முதலில் நம்பிக்கை வளரட்டும், வரம்பைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது கருத்தைச் சொல்பவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். எங்கள் பிரிவிலேயே மிகுந்த பரிவோடு பணி செய்பவர்கள் அவர்கள்தாம் என்பதால்தான் எனக்கு இது எளிதில் தீராத கேள்வியாக இருக்கிறது. நெறிமுறையை ஒரு பக்கத்திலும் ஒத்துணர்வை மறுபக்கத்திலும் வைத்துப் பேசுவதே சரிதானா என்றும் அறிய விரும்புகிறேன்.

மூத்த மேற்பார்வையாளர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அப்படிப் பிரிப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. வரம்பைச் சொல்லாமல் பெற்ற நம்பிக்கை, அந்த மனிதர் நம் மீது வைத்த நம்பிக்கையே அன்று. நாம் யார் என்று அவர் தவறாக எண்ணிக்கொண்டு ஒரு கற்பனை மனிதர் மீது வைத்தது அது. அவர் உண்மையில் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியும் நாளில் இழப்பு முழுவதும் அவருடையது. நமக்கு அதிகபட்சம் ஒரு கேஸ் முடிந்து போகும். ஒத்துணர்வு என்பது மற்றவரின் இடத்திலிருந்து பார்ப்பது என்றால், “எனக்குத் தெரியாமலேயே என் வார்த்தைகள் வேறோர் அலுவலகத்துக்குப் போகக்கூடும்” என்ற நிலையில் அவரை உட்கார வைப்பதை எந்த ஒத்துணர்வும் ஏற்காது.

அறிந்து அளிக்கும் ஒப்புதல் என்று நாம் படித்ததெல்லாம் இதற்காகத்தான். படிவத்தில் கையொப்பம் வாங்குவதோடு அது முடிந்துவிட்டதாகப் பல நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. எதைச் சொல்வது, எதை மனத்துக்குள் வைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்வதற்குத் தேவையான செய்தி, முடிவு செய்ய வேண்டிய நேரத்துக்கு முன்னால் அவர் கையில் இருக்க வேண்டும். பேசி முடித்தபின் தரப்படும் செய்தியை வைத்துக்கொண்டு அவர் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ரகசியத்தின் வரம்பு எப்படி உருவானது என்பதை இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சிகிச்சை பெற்றுவந்த ஒரு மாணவர், ஓர் இளம்பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவல்துறைக்குத் தெரிவித்தார். அவர்கள் அம்மாணவரைச் சிறிது நேரம் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் குடும்பத்துக்கோ யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை. 1969இல் அவர் கொல்லப்பட்டார். தாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1974இல் எச்சரிக்கும் கடமையைப் பற்றிப் பேசியது; மறுவிசாரணைக்குப் பின் 1976இல் அதை, ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை என்று விரிவாக்கியது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும் அதற்குப் பிறகு இத்துறையில் எவரும் “நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது” என்று நேர்மையாகச் சொல்லிவிட முடியாது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் குழுவின் இரண்டாம் சாராருடைய கவலை நியாயமாகிறது. சட்டப் பிரிவை வாசிப்பதுபோல் சொன்னால் அவர் எழுந்து போவார் என்பது உண்மை. நான் பயிற்சியில் சொல்லித்தருவது ஏறத்தாழ இப்படி: “நீங்கள் சொல்வதை நான் மதிப்போடு காப்பாற்றுவேன். மிகப் பெரும்பாலானவை நம்மிடையே மட்டுமே இருக்கும். ஒருவருடைய உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் தனியாக அதை வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியில்லை. அப்படி ஒரு நிலை வந்தால் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதே என் முயற்சியாக இருக்கும். முதலில் உங்களிடம்தான் பேசுவேன். இதைக் கேட்டபின் என்ன தோன்றுகிறது?” கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். அந்தக் கேள்வி இருந்தால் அது உரையாடல். இல்லாவிட்டால் வெறும் அறிவிப்பு.

பள்ளி ஆலோசகர்

மேற்பார்வையாளர் ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொள்கையில் உண்டு, நடைமுறையில் ஒரு குறை தெரிகிறது. முதல் சந்திப்பில் சொன்ன வரம்பு பதின்பருவத்தினர் மனத்தில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் நம் முகத்தையும் அறையையும் கதவு மூடியிருக்கிறதா என்பதையும்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது சந்திப்பில் ஒரு பெண் தன் வீட்டில் நடப்பதைச் சொல்லத் தொடங்கும்போது, “அன்றே சொன்னேனே” என்று நாம் ஆறுதல் அடைந்துகொள்ளலாம். அவளைப் பொறுத்தவரை அது சொல்லப்படாததற்குச் சமம்.

ஆகவே எப்போது சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை, ஒரு முறை அன்று என்பதே. பேச்சு எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்த உடனே, அவள் திரும்ப முடியாத இடத்தைத் தாண்டும் முன்பு, மெதுவாக நிறுத்தி மறுபடியும் சொல்ல வேண்டும். அப்படி நிறுத்துவது கடினம். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கிட மனம் வராது. எங்கே நிறுத்துவது என்பதை அறிவதுதான் இந்த வேலையின் திறமை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வயதினர் பெரும்பாலும் நேராகக் கேட்பதில்லை. “என் தோழிக்கு இப்படி நடந்தால் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?” என்று கேட்பார்கள். “அந்தத் தோழி நீதானே?” என்று பிடித்துவிடும் ஆசையை அடக்கிக்கொண்டு, அந்தக் கேள்விக்கு அந்த உருவத்திலேயே முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும்: யாரிடம் சொல்வேன், அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள், பெற்றோருக்கு எப்போது தெரியும், அந்தத் தோழியிடம் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கப்படும் என்றெல்லாம். அவள் நம்மைச் சோதிக்கிறாள். சோதிக்க அவளுக்கு உரிமை உண்டு. அந்தச் சோதனையில் நாம் நேர்மையாக நடந்துகொண்டால் பெரும்பாலும் அடுத்த முறை தோழியின் பெயர் பேச்சில் வருவதில்லை.

மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

இதுவரை பேசியதில், உதவி நாடுபவர் தாமே விரும்பி வந்திருக்கிறார் என்ற எண்ணம் அடியில் ஓடுகிறது. நான் சந்திப்பவர்களில் பலர் என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். மருத்துவர் அனுப்பியதால் வந்தவர்கள், நலத்திட்ட உதவிக்கு என் அறிக்கை தேவைப்படுவதால் வந்தவர்கள், குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று நான் எழுதுவதை நம்பியிருப்பவர்கள் ஆகியோரே மிகுதி. அவர்கள் எதிரில் நான் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறேன்: பரிவோடு கேட்கிறேன், கேட்டதை மதிப்பிட்டு எழுதவும் செய்கிறேன்.

இங்கேதான் ஒத்துணர்வு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதைத் துறையினர் போதுமான அளவு பேசுவதில்லை. தலையசைப்பது, அவர் சொன்னதையே மென்மையாகத் திருப்பிச் சொல்வது, மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது ஆகிய திறன்கள் மனிதர்களைத் திறக்க வைக்கும். ரகசியத்தின் வரம்பைச் சொல்லாமல், அறிக்கை யாரிடம் போகும் என்பதைச் சொல்லாமல் இந்தத் திறன்களைப் பயன்படுத்தினால், நாம் செய்வது விசாரணைதான். அதுவும் விசாரிக்கப்படுபவருக்கு விசாரணை என்று தெரியாத விசாரணை. சற்றுக் கடுமையாகத் தோன்றலாம், ஆனாலும் இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில் அங்கே உட்கார்ந்திருப்பவரால் “நீங்கள் யாருக்காக இதைக் கேட்கிறீர்கள்?” என்று கேட்க முடியாது. கேட்டால் “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஆகவே என் முதல் வாக்கியங்கள் என் பதவியைப் பற்றியவை. என்னை இங்கே அனுப்பியது யார், நான் எழுதுவதை யார் படிப்பார்கள், என் கையில் என்ன முடிவு இருக்கிறது, எது என் கையில் இல்லை, பதில் சொல்ல விரும்பாத கேள்வியை அவர் எப்படிக் கடந்து போகலாம் என்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் நிகழ்வதற்குத் தேவையான நிபந்தனைகள் ஆறு என்றார். ஆலோசகரின் மெய்த்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு ஆகிய மூன்றை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆறாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஆலோசகரின் ஒத்துணர்வும் மதிப்பும் சிறிதளவேனும் உதவி நாடுபவருக்கு எட்டியிருக்க வேண்டும். நாம் எவ்வளவு உணர்ந்தோம் என்பதைக் கொண்டு கணக்குத் தீராது. அதிகாரம் நம் பக்கம் இருக்கும் அறையில், அவருக்கு எட்டும் முதல் மதிப்பு உண்மையைச் சொல்வதாகத்தான் இருக்க முடியும்.

முன்னர் உதவி நாடியவர்

நான் இந்தத் தொழிலைச் சேர்ந்தவள் அல்லள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். எழுதலாமா என்று தயங்கினேன். எங்களைப் பற்றிய பேச்சில் எங்கள் குரலும் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் வெவ்வேறு காலங்களில் இரண்டு பேரிடம் உதவிக்குப் போனேன். முதலாமவர் மிகவும் அன்பாகப் பேசினார், கண் கலங்கினார், “எதற்கும் பயப்பட வேண்டாம், மனம் விட்டுப் பேசுங்கள்” என்றார். பேசினேன். சில நாட்கள் கழித்து வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், நான் அந்த அறையில் பயன்படுத்திய அதே சொற்களை என் முன்னால் திருப்பிச் சொன்னார். புகார் கொடுத்தது தவறு என்று இன்றும் நான் சொல்லவில்லை. குழந்தையின் பாதுகாப்புக்காகச் செய்தார்கள் என்பது புரிகிறது. எனக்குத் தெரியாமல் செய்தார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நெடுங்காலம் மருத்துவரிடம்கூட உடல்நலம் பற்றிப் பாதிதான் சொன்னேன். அன்பாகப் பேசுபவர்களைக் கண்டாலே எச்சரிக்கையாகிவிடுவேன்.

இரண்டாமவர் அவ்வளவு இனிமையாகப் பேசுபவர் அல்லர். முதலிலேயே வரம்பைச் சொன்னார். நான் எழுந்துதான் போனேன். அவர் தடுக்கவில்லை, “எப்போது வேண்டுமானாலும் வரலாம், சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லலாம்” என்றார். அடுத்த முறை நானேதான் போனேன். பின்னர் ஒரு செய்தியை அவர் வெளியே தெரிவிக்க வேண்டிய நிலை வந்தபோது, தொலைபேசியை எடுக்கும் முன் என்னிடம் சொன்னார். “இதை நான் சொல்லியாக வேண்டும். நான் பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா, அல்லது நீங்களே பேசி நான் பக்கத்தில் இருக்கட்டுமா?” என்று கேட்டார். நானே பேசினேன். முடிவு என் விருப்பப்படி இல்லை. ஆனாலும் அவரிடம் போவதை நான் நிறுத்தவில்லை.

உங்கள் குழுவில் சிலர், வரம்பைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள் அல்லவா? போவோம். சிலர் திரும்பி வருவோம். சொல்லாமல் ஏமாந்தவர்கள் திரும்பி வருவதில்லை.

குடும்பநலப் பணியாளர்

அம்மா, நீங்கள் எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. “நீங்களே பேசி நான் பக்கத்தில் இருக்கட்டுமா” என்ற அந்தக் கேள்வியை எங்கள் குழுக்கூட்டத்தில், உங்களைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லாமல், முன்வைக்க அனுமதி தருவீர்களா? புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதில் அவருக்கு விருப்பத் தேர்வு இல்லாதபோதும், எப்படி என்பதில் தேர்வு தர முடியும் என்பதை நாங்கள் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

பள்ளி ஆலோசகர் சொன்னபடி ஒரு முறை சொல்வது போதாது என்பதையும் ஏற்கிறேன். இதையொட்டி இன்னொன்றைக் கேட்கிறேன். சிலர், “உங்களைத் தவிர என்னைப் புரிந்துகொள்பவர் யாரும் இல்லை” என்று சொல்லி இரவு நேரங்களில் செய்தி அனுப்புகிறார்கள். பதில் எழுதினால் வழக்கமாகிவிடுகிறது. எழுதாவிட்டால் கைவிட்டதாக உணர்கிறார்கள். இங்கும் எல்லையும் ஒத்துணர்வும் மோதுவதாகத்தான் தோன்றுகிறது.

முன்னர் உதவி நாடியவர்

தாராளமாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சொல்வதற்கு நன்றி.

மதுமீட்பு மைய ஆலோசகர்

இரவுச் செய்திகள் பற்றி எழுதுகிறேன். எங்கள் மையத்தில் இது அன்றாடப் பிரச்சினை. குடிக்கும் ஆசை மேலெழுவது பெரும்பாலும் அலுவலக நேரத்தில் அன்று.

முதலில் அந்த வாக்கியத்தை ஒரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காதீர்கள். “என்னைப் புரிந்துகொள்பவர் வேறு யாரும் இல்லை” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆலோசகர்களில் சிலர் அதைக் கேட்டவுடன் சார்ந்திருத்தல், உணர்வு மாற்றம் (வேறொருவர் மீதுள்ள உணர்வை ஆலோசகர் மீது ஏற்றுவது) என்று பெயர் வைத்து விலகிக்கொள்கிறார்கள். வேறு சிலர் உள்ளூர மகிழ்ந்து தம் தனிப்பட்ட எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் அவருடைய தனிமை அப்படியேதான் இருக்கிறது. அவருக்குத் தேவை இன்னும் இரண்டு மூன்று மனிதர்கள். அதை நோக்கி நகர்வது நம் வேலையின் ஒரு பகுதி.

எங்கள் நடைமுறை: தொடக்கத்திலேயே, செய்திகளை எந்த நேரத்துக்குள் பார்ப்பேன், எவ்வளவு நேரத்தில் பதில் வரும், எவற்றைச் செய்தியில் பேசாமல் நேரில் மட்டும் பேசுவோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதோடு நிறுத்தினால் அது கதவடைப்பு. நான் இல்லாத நேரத்தில் அவர் யாரை அழைப்பார், அந்த எண் கைபேசியில் இருக்கிறதா, அவரும் எடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுகிறோம். முடிந்தால் அந்த எண்ணை அறையிலேயே ஒருமுறை அழைத்துப் பார்க்கிறோம். அழைத்துப் பழகாத எண்ணை நெருக்கடியில் யாரும் அழைப்பதில்லை. பிறகு, சொன்ன நேரத்தில் தவறாமல் பதில் எழுத வேண்டும். எல்லை நம்பகமானதாக இருந்தால்தான் அது பாதுகாப்பாக உணரப்படும். ஒரு நாள் நள்ளிரவில் பதில் எழுதி, மறுவாரம் மூன்று நாள் மௌனமாக இருப்பதைவிடக் கொடுமையானது எதுவும் இல்லை.

ஏற்கெனவே வழக்கமாகிவிட்டதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. “இரவில் பதில் எழுதத் தொடங்கியது நான், அதை மாற்றப் போவதும் நான், நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை” என்று நேரில் சொல்லி, சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

சமூகப் பணி அறிஞர் பீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் சமூகப் பணி உறவுக்கு ஏழு கொள்கைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று கட்டுப்படுத்தப்பட்ட உணர்ச்சி ஈடுபாடு. அதைக் குளிர்ந்த மனத்தோடு இருப்பது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அவர் சொன்னது வேறு: மற்றவரின் உணர்வை நுட்பமாக அறிவது, அதன் பொருளைப் புரிந்துகொள்வது, அவருக்குப் பயன்படும் வகையில் தக்க விதமாக எதிர்வினை ஆற்றுவது. கட்டுப்பாடு என்பது நம் எதிர்வினை யாருடைய தேவைக்காக நிகழ்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான். நள்ளிரவில் பதில் எழுதும்போது, அமைதி அடைய வேண்டியது அவரா நானா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சமூக ஊடகம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, உதவி பெற்றுவரும் ஒருவரோடு தனிப்பட்ட இணைய உறவு வைத்துக்கொள்வதைத் தடை செய்கிறது. அந்நாட்டுச் சமூகப் பணியாளர் சங்கமும் 2017இல் தொழில்நுட்பம் பற்றிய விதிகளைச் சேர்த்தது. நட்பு வேண்டுகோள் வந்தால் பேசாமல் ஒதுக்காமல், அடுத்த சந்திப்பில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் அனுமதியின்றி அவருடைய பக்கத்தைத் தேடிப் பார்ப்பதும் எல்லை மீறலே. அது அவருக்குத் தெரியாது என்பதால் சிறியதாகிவிடாது.

பள்ளி ஆலோசகர்

அன்பளிப்புகள் பற்றியும் யாராவது கேட்பார்கள். குழந்தை வரைந்து தந்த படத்தை வாங்கிக்கொள்ளுங்கள், விலையுள்ளதை வாங்காதீர்கள், எதுவானாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் இதில் பேச அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

மூத்த மேற்பார்வையாளர்

அம்மா எழுதியதைப் பலமுறை படித்தேன். பயிற்சி பெறுபவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். அவர் சொன்னதிலிருந்து எழும் ஒரு கேள்வியை இங்கே யாரும் தொடவில்லை: உறவில் விரிசல் ஏற்பட்டபின் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விரிசல் வரும். ஜெரெமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரான் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். விரிசல் இரண்டு வகையாக வெளிப்படும் என்றார்கள். ஒன்று எதிர்ப்பு; அவர் நேராகக் கோபப்படுவார், குறை சொல்வார். மற்றொன்று விலகல், எல்லாவற்றுக்கும் ஆம் என்பார், புன்னகை செய்வார், பேச்சை மாற்றுவார், சந்திப்புக்குத் தாமதமாக வருவார். நாம் முதலாவதைக் கண்டு அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவதைத்தான். அதிகாரம் குறைந்தவர்கள் கோபத்தை அப்படித்தான் காட்ட முடியும். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் சொன்ன அறையில் கோபம் ஒருபோதும் கோபமாக வெளிவராது. அங்கே மிகையான பணிவைக் கண்டால், ஏதோ உடைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அப்போது விளக்கம் சொல்லத் தொடங்கக் கூடாது. “கடந்த முறை நான் சொன்ன ஏதோ ஒன்று உங்களுக்குச் சரியாகப் படவில்லையோ என்று நினைக்கிறேன். அது எதுவாக இருந்தாலும் கேட்க விரும்புகிறேன்; அதனால் உங்கள் கேஸுக்கு எந்தப் பாதிப்பும் வராது” என்று தொடங்கிக் காத்திருக்க வேண்டும். அவர் சொன்னபின் நம் பங்கை ஏற்க வேண்டும். பாதியை ஏற்று, “ஆனால்” என்று சேர்த்தால் ஏற்காததற்கு ஒப்பாகும். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல், பணிக்கூட்டுறவு (உதவுபவரும் உதவி நாடுபவரும் சேர்ந்து செயல்படும் உறவு) என்பது இலக்கில் உடன்பாடு, அதற்கான வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது என்றார். விரிசல் எந்த இடத்தில் என்று தேட இந்த மூன்றும் உதவும். பல நேரங்களில் பிணைப்பு நன்றாகவே இருக்கும். அவர் விரும்பிய இலக்கும் நாம் எழுதி வைத்த இலக்கும்தான் வேறு வேறாக இருக்கும். கணவரோடு சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதில் பணியாளர் தம் மனத்துக்குள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது வந்தவருக்குத் தெரிந்துவிடும்.

மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

இவ்வளவும் செய்ய நேரம் வேண்டும். வரம்பை மறுபடி மறுபடி சொல்வதற்கும், காத்திருப்பதற்கும், சேர்ந்து அமர்ந்து தொலைபேசி செய்வதற்கும் ஒரு பணியாளரிடம் கேஸ்களின் எண்ணிக்கை ஓரளவுக்குள் இருக்க வேண்டும். ஒத்துணர்வைத் தனிமனித நற்பண்பாக மட்டும் பேசினால் நிறுவனங்களுக்கு வசதியாகிவிடுகிறது. களைத்துப்போனவரிடம் குற்றம் சொல்லிவிடலாம். சார்லஸ் ஃபிக்லி போன்றோர் 1990களில் பரிவுச் சோர்வு (பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பதால் பணியாளருக்கு வரும் களைப்பு) பற்றி எழுதியபின், பணியாளர் தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை பெருகியிருக்கிறது. அறிவுரை நல்லதுதான். ஆனால் ஒழுங்கான மேற்பார்வை நேரமும் தாங்கக்கூடிய பணிச்சுமையும் இல்லாத இடத்தில் அந்த அறிவுரை நியாயமற்றது. மேற்பார்வை நேரத்தைக் கேட்டுப் பெறுவதையும் நெறிமுறைக் கடமையாகவே நான் கருதுகிறேன், ஏனெனில் அது கிடைக்காததன் விலையைக் கொடுப்பவர் உதவி நாடி வந்தவர்.

குடும்பநலப் பணியாளர்

எங்கள் கேள்வியை வேறு வடிவத்தில் குழுவிடம் எடுத்துச் செல்கிறேன்: வரம்பை எப்போது சொல்வது என்று கேட்காமல், எத்தனை இடங்களில், எந்தச் சொற்களில், எந்தக் கேள்வியோடு முடித்துச் சொல்வது என்று. ஒரே ஒன்று எஞ்சியிருக்கிறது. சந்திப்பில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கேஸ் குறிப்பில் என்ன எழுதுவது?

மூத்த மேற்பார்வையாளர்

அவர் ஒரு நாள் அதைப் படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள்; பல இடங்களில் படிக்க அவருக்கு உரிமையும் உண்டு. அவர் சொன்னதை அவர் சொற்களில், நீங்கள் கண்டதைக் கண்டவாறு, நீங்கள் ஊகித்ததை ஊகம் என்று குறிப்பிட்டு, மூன்றையும் பிரித்து எழுதுங்கள். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதாமல், “இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை, வேலை நேரம் மாற்றப்பட்டதாகக் கூறினார்” என்று எழுதுங்கள். பணியின் நோக்கத்துக்குத் தேவைப்படாத அந்தரங்கச் செய்திகளை எழுதவே வேண்டாம். எழுதியது பல கைகளுக்குப் போகும். ரகசியத்தின் வரம்பை எந்த நாளில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

முன்னர் உதவி நாடியவர்

என் குறிப்பை நான் படித்துப் பார்த்தபோது, நான் ஏற்காத ஒரு வரி அதில் இருந்தது. அதை நீக்க முடியாது என்றார்கள். அத்தகைய நிலையில் என்ன செய்யலாம்?

மூத்த மேற்பார்வையாளர்

நீக்க முடியாமல் போகலாம், அம்மா. உங்கள் மறுப்பை அதே பதிவில், அதே வரிக்குக் கீழே, உங்கள் சொற்களில், தேதியோடு சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அந்தக் குறிப்பின் நகல் எங்கே அனுப்பப்பட்டாலும் மறுப்பும் உடன் செல்ல வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பணியாளர்களுக்குச் சொல்வது: அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். முக்கியமான அறிக்கையை அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டி, உடன்படாத இடம் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதை நீங்களே சேர்த்துவிடுங்கள்.